வினை விகற்பம் கண்ட அண்டிரிக் அடிகளார்

தமிழுக்குத் தொண்டு புரிந்த மேனாட்டாரைப் பற்றிப் பேசப் புகுவோர் வீரமாமுனிவரை முன்னிறுத்திப் போப்பையர், கால்டுவெல் ஐயர் என்று அடுக்கி முடிப்பது வழக்கமாகிவிட்டது. வீரமாமுனிவர் பிறந்த ஆண்டு 1680. அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே, தமிழ் வினைச்சொற்களின் பின்னே ஆயுள் முழுதும் அலைந்து, தமிழெழுத்தை முதன்முதல் அச்சிலேற்றி, முத்துக்குளித்துறை மணலிலே உடலை ஒடுக்கிய பெரியார் ஒருவர் இருந்தார். போர்த்துக்கீசியர் அவரை என்றிக்கே என்றிக்கஸ் என்றனர். தமிழர் அண்டிரிக் அடிகளார் என்றனர். அவருடைய சரிதம் நம் மாணவர் அறியத் தக்கது. இலக்கண வகுப்பிலே காலங்காட்டும் இடைநிலை என்றவுடன் கொட்டாவி விடும் மாணவர்க்கு இஃது இன்னும் மிகுதியாகப் பொருந்தும்.

அடிகளார் 1520-ஆம் ஆண்டிலே போர்த்துக்கல் நாட்டில் வில்ல விசோசா என்னும் ஊரிற் பிறந்தார். அவர் முன்னோர் யூத மரபினர். அக்காலத்தில் ஸ்பெயினிலும் போர்த்துக்கல்லிலும் யூத வழியில் வந்தோரைப் புதுக் கிறிஸ்தவர் என்று பிரித்து வைத்து, எத்தனை தலைமுறை சென்றாலும் ஐயத்துடனே நோக்குவர். இளமையிலேயே துறவு நாட்டம் கொண்ட இவர் முதலிற் பிரான்சிஸ்கு சபையிற் சேர்ந்தார். பிறப்புப் பற்றிய இக்குறையே காரணமாக அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. பின் கொயிம்பிராப் பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்று, 1545-இல் இயேசு சபையை அடைந்தார். மறு ஆண்டே கப்பலேறி இந்தியா வந்தார். தம் நாட்டில் ஒரு மடத்தின் வாயில் அடைபட்டதனால் நம் நாட்டுக் கரை அவருக்குத் திறந்தது என்று சொல்லலாம்.

பிரான்சிஸ் சவேரியார் இவரை 1547-இல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பினார். அங்குள்ள பரதவர் பத்து ஆண்டுகளுக்குச் சற்று முன்னர்த்தான், 1535-ஐ அடுத்த ஆண்டுகளில், கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். அவர்களுக்குச் செபங்களைத் தமிழிற் சொல்லிக் கொடுக்கச் சவேரியார் 1542-இல் வந்தபோது பெரும்பாடு பட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழறிந்தவர்க்கு அவர் மொழி செவ்வையாகத் தெரியாது. இரண்டும் அரைகுறையாக அறிந்த சிலரைத் துணைக்கொண்டு செபங்களைப் பெயர்த்து, அவற்றை நெட்டுருச் செய்து, ஊரூராகச் சென்று முழங்கினார். அவ்வாறு பெயர்த்ததில் நேர்ந்த பிழைகளுள் ஒன்று நம் கவனத்துக்கு உரியது. விசுவசிக்கிறேன் என்று சொல்லவேண்டிய இடத்திலே வேணும் என்னும் சொல் புகுந்துவிட்டது. வேணும் என்றால் விரும்புகிறேன் என்று பொருள்படுமேயன்றி நம்புகிறேன் என்று பொருள்படாது என்பதைப் பின்னர் உணர்ந்த சவேரியார், அதனை மாற்றுமாறு தம் உடன்பணியாளர்க்குக் கடிதம் எழுதினார். வேண்டும் என்பது தமிழில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூன்றிடத்துக்கும் ஒருபடித்தாய் நிற்கும் சொல்.  மொழிபெயர்ப்பாளர் தடுமாறியதில் வியப்பில்லை. ஆயினும், ஆயிரக்கணக்கான மக்கள் நம்புகிறோம் என்று எண்ணிக்கொண்டு வேண்டுகிறோம் என்று நாள்தோறும் சொல்லி வந்தனர் என்பதை நினைத்தால், ஒரு வினைச்சொல்லின் கனம் நமக்குப் புலனாகும்.

அண்டிரிக் அடிகளாரும் இத்தகைய பிழைகள் பலவற்றைக் கண்டு வருந்தினார். பூசையைக் குறிக்கும் மிஸ்ஸா என்னும் சொல் தமிழர் செவியில் மீசை என்று விழுந்தது. பூசைக்கு வாருங்கள் என்று அழைத்தால், யாருடைய மீசைக்கு என்று அவர்கள் கேட்டிருந்தாலும் குற்றமில்லை. துபாசிகளை நம்பி நடத்தும் பணி இப்படித்தான் முடியும் என்று கண்ட அடிகளார், தாமே தமிழைக் கற்பது என்று துணிந்தார்.

எவ்வாறு கற்றார் என்பதே இவருடைய சரிதத்தில் உயிரான பகுதி. 1548-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் வேம்பாற்றிலிருந்து, உரோமாபுரியில் இருந்த இஞ்ஞாசியாருக்கு அவர் எழுதிய கடிதம் கிடைத்துள்ளது. இலத்தீன் கற்கும் சிறுவர் வினைகளை அடுக்கி ஒப்பிப்பது போலத் தமிழ் வினைகளையும் அடுக்கிப் பார்த்ததாகவும், இறந்தகாலம், எதிர்காலம், வினையெச்சம் முதலிய வடிவங்களைக் கண்டுபிடிக்க மிகுந்த பிரயாசைப்பட்டதாகவும், வேற்றுமைகளையும் சொல் நிற்கும் முறையையும் அவ்வாறே தேடிக் குறித்ததாகவும் அதில் தெரிவிக்கிறார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. உடல்நலமும் போதாது. கையில் அகராதி இல்லை. தம் மொழியில் எழுதிய தமிழிலக்கணமும் இல்லை. ஒவ்வொரு வினையையும் ஒரு தமிழர் வாயிலிருந்து பிடுங்கியே எழுதவேண்டும். நேற்று என்ன செய்தாய், நாளை என்ன செய்வாய் என்று கேட்டுக் கேட்டு விடையைக் குறித்துக்கொள்வதன்றி அவருக்கு வேறு வழி ஏது?

அவர் எங்கிருந்து புறப்பட்டு எங்கு வந்து சேர்ந்தார் என்பதை விளக்கினால்தான் அந்தப் பிரயாசையின் அளவு தெரியும். ஸ்பானியமும் போர்த்துக்கீசியமும் உடன்பிறந்த மொழிகள். எதிர்காலத்தை இரண்டும் ஏறக்குறைய ஒரே விதமாக அமைக்கின்றன. தாயாகிய இலத்தீனில் இருந்த பழைய எதிர்கால வடிவம் காலப்போக்கில் அழிந்துபட்டது. அதன் இடத்தில் மக்கள், செய்ய என்னும் பொருளுடைய வினையெச்சத்தோடு உடையேன், உடையாய் என்னும் வினையைச் சேர்த்துப் பேசலாயினர். நாளடைவில் இரண்டும் ஒட்டி ஒரு சொல்லாயின. நேசித்தல் என்னும் பொருளுடைய அமார் என்பது ஸ்பானியத்தில் அமரே, அமராஸ், அமரா, அமரேமோஸ், அமரெய்ஸ், அமரான் என்று ஆறு வடிவாக நிற்கும். ஈற்றில் உள்ள ஏ, ஆஸ், ஆ முதலியன எல்லாம் உடைமைப் பொருள் தரும் அந்தத் துணைவினையின் தேய்வுகளே. இவ்வுண்மையை 1492-ஆம் ஆண்டிலேயே, ஸ்பானிய மொழிக்கு முதல் இலக்கண நூல் வெளியிட்ட அந்தோனியோ தெ நெப்ரிகா எடுத்துக் காட்டியுள்ளார். போர்த்துக்கீசிய எழுத்து நடையில் இன்றும் இத்தையல் பிரியும்; வினையெச்சத்துக்கும் ஈற்றுக்கும் நடுவே அவனை, உன்னை என்னும் பொருளுடைய சிறு சொல்லைச் செருகி எழுதுவர். தமிழிலும் இத்தகைய அமைப்பு இல்லாமலில்லை. செய்யவிருக்கிறேன் என்று சொல்லும்போது நாமும் எச்சத்தோடு ஒரு துணைவினையைக் கூட்டித்தானே வருங்காலத்தை உணர்த்துகிறோம்? அவர்கள் உடைமையைக் கூட்டினார்கள். நாம் இருப்பைக் கூட்டினோம்.

ஸ்பானிய எதிர்காலத்தைக் கற்பவனுக்கு ஒரு வசதி உண்டு. அம்மொழி வினைகள் ஆர், ஏர், ஈர் என்னும் மூவகை ஈறு உடையன. நிகழ்காலத்தில் இம்மூன்றும் வெவ்வேறு வழியிற் செல்லும். எதிர்காலத்திலோ மூன்றுக்கும் அதே ஆறு ஈறுகள்தாம். வினையின் பெயரை வெட்டாமல் முழுதாக வைத்துக்கொண்டு ஈற்றை ஒட்டினாற் போதும். தடம் மாறுவன ஏறக்குறைய ஒரு பன்னிரண்டே. வெனிர் என்பது வெந்த்ரே என்றும், தெஸிர் என்பது திரே என்றும் குறுகுவது போல்வன அவை. அவற்றிலும் அடிதான் மாறுமேயன்றி ஈறு மாறாது.

இப்படிப்பட்ட ஒழுங்கிலே வளர்ந்தவர் தமிழ்க் கடற்கரைக்கு வந்து நின்றால் என்ன காண்பார்? செய்வேன் என்கிறான் ஒருவன்; படிப்பேன் என்கிறான் மற்றொருவன். வகரம் எங்கே, பகரம் எங்கே என்று வினையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது. அவனுக்கு வருவான், அவளுக்கு வருவாள் என்று பாலுக்கொரு ஈறு வேண்டும். ஸ்பானியத்தில் இருவர்க்கும் ஒன்றே போதும். சரி, ஒழுங்கு பிடிபட்டது என்று மூச்சு விடுவதற்குள், அது வருவது என்று வராமல், அது வரும் என்று வந்து நிற்கும். செய்யும் என்னும் அம்முற்றோ செய்யுளில் அவனுக்கும் அவளுக்கும்கூட ஆகும். பலர்பாலுக்கும் தன்மை முன்னிலைகளுக்கும் ஆகாது. எதிர்மறைக்குச் சென்றால் வேறொரு காடு. செய்யேன், செய்யாய், செய்யான் என்பனவற்றில் காலமே இல்லை. முக்காலத்துக்கும் பொதுவாக அவை மறுத்து நிற்கும். மேனாட்டு மாணவன் தன் அட்டவணையில் இவற்றை எந்தக் கட்டத்தில் எழுதுவான்? தெற்கே பேச்சில் வாரான் என்றால் வருகிறான் என்று பொருள். ஏட்டிலே வாரான் என்றால் வரமாட்டான் என்று பொருள். ஒரே சொல் ஆளை வீட்டுக்குள் அழைக்கவும் செய்யும், வாயிலிலிருந்து திருப்பி அனுப்பவும் செய்யும்.

நம் வேங்கிக்கால் பக்கத்தார் இதனை எளிதில் உணர்வர். அண்ணாமலையை வலம்வர அயல்நாடுகளிலிருந்து வருவோர் பலர். ஸ்பானியம் பேசுவோரும் அவருள் உண்டு. தமிழ் பேச முயலும் சிலர் நாளை என்ற சொல்லை முன்னே வைத்து வினையை ஏவலாகவே விட்டுவிடுவர். கடைக்காரர் புன்னகையோடு புரிந்துகொள்வார். இளநீர் வாங்க அது போதும். மறையுரைக்கு அது போதாது என்பதே அண்டிரிக் அடிகளாரின் கவலை.

போதாமைக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றேன். பத்துக் கட்டளைகளுட் பல இலத்தீனிலும் ஸ்பானியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் எதிர்கால வினையாலேயே அமைந்துள்ளன. கொலையை விலக்கும் கட்டளையில் மத்தராஸ் என்னும் முன்னிலை ஒருமை எதிர்காலம், இல்லை என்னும் சொல்லோடு வருகிறது. அம்மொழிகளில் எதிர்காலத்தைக் கட்டளையாகக் கொள்வது மரபு. தமிழிலோ நீ கொல்லமாட்டாய் என்றால் அது பாராட்டாகுமேயன்றி விலக்காகாது. அட்டவணையை நம்பிக் கொல்லாய் என்று எதிர்மறையிட்டாலோ அபாயம் இன்னும் பெரிது. செய்யாய் என்னும் வாய்பாடு பழந்தமிழில் செய் என்னும் ஏவலுக்கும் வரும் என்று தொல்காப்பியர் விதித்திருக்கிறார். விலக்க வந்த வாக்கியம் ஏவிவிடக் கூடும்! கொல்லாதே, கொல்லாதிருப்பாயாக என்று தமிழ் மரபறிந்து மாற்றினாலன்றி உய்வில்லை. வேறோரிடத்தில் இரு மொழிகளும் வியக்கத்தக்க முறையில் ஒத்துப்போகின்றன என்பதையும் சொல்லவேண்டும். இந்நேரம் அவன் வீட்டில் இருப்பான் என்று நாம் ஊகமாகச் சொல்லும்போது எதிர்கால வினையையே ஆள்கிறோம். ஸ்பானியரும் இவ்வூகத்தை அவ்வெதிர்கால வடிவாலேயே சொல்வர். ஆனால் அவன் நாள்தோறும் வருவான் என்று வழக்கத்தை எதிர்காலத்தாற் கூறும் தமிழ்மரபு அவர்களுக்கு இல்லை. அங்கே நிகழ்காலம் வரும்.

இவ்வளவையும் செவியாற் கேட்டுக் கையாற் குறித்துச் சேர்த்த அடிகளார், விரைவிலேயே துபாசியின்றிப் பேசலானார். உச்சரிப்பு மட்டும் நெடுநாள் இடர் தந்தது. கோயிலில் அவர் தமிழிற் பேச, அதையே மற்றொருவர் தமிழில் மீண்டும் எடுத்துச் சொல்ல, மக்கள் கேட்டனர். தமிழுக்குத் தமிழ் துபாசி வைத்துக்கொண்டவர் இவர் ஒருவராகவே இருக்கக்கூடும்! தாம் சேர்த்த குறிப்புகளை 1549-ஐ ஒட்டி ஒரு நூலாக்கினார். ஆர்த்தே தா லிங்குவா மலபார் என்பது அதன் பெயர். அக்காலப் போர்த்துக்கீசியர் தமிழை மலபார் மொழி என்றே வழங்கினர். 1540-இல் சுவாம் தெ பாரோஸ் என்பார் இயற்றிய போர்த்துக்கீசிய இலக்கணமும், இலத்தீன் இலக்கண முறையும் அதற்கு அடிப்படை. நன்னூல் தோன்றி முந்நூறு ஆண்டுகள் ஆகியும் அதன் வழியை இந்நூல் தொடவில்லை. இதனைக் குறையென்று சிலர் கூறுவர். நான் அவ்வாறு கருதேன். நன்னூலார் வழியே சென்றிருந்தால் புலவர் தமிழே அவருக்குக் கிட்டியிருக்கும். பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைப் பரதவர் எவ்வாறு பேசினர் என்பதை நாம் எங்கே போய்த் தேடுவது? ஏட்டில் ஏறாத அந்தப் பேச்சு இவருடைய வினை அட்டவணைகளிலே தங்கியிருக்கிறது.

1549-இல் வேதாளை என்னும் ஊரில் அந்தோனி கிரிமினாலி என்னும் குரு போரில் கொல்லப்பட்டார். முத்துக்குளித்துறைப் பணி முழுதும் அண்டிரிக் அடிகளார் தலையில் வந்து விழுந்தது. ஏறக்குறைய இருபத்தேழு ஆண்டுகள் அப்பொறுப்பைச் சுமந்தார். 1550-ஐ ஒட்டிப் புன்னைக்காயலில் மக்கட்கு ஒரு மருத்துவமனை அமைத்தார். 1553-இல் அவ்வூர் பகைவர் கைப்பட்டபோது தாமும் சிறைப்பட்டு மீண்டார். 1560-இல் மறுபடியும் கலகம் மூண்டு, மக்களுள் ஒரு பகுதியார் மன்னார்த் தீவுக்குக் குடிபெயர்ந்தனர். இத்தனை அல்லல்களுக்கு நடுவிலும் மொழியைக் கைவிட்டாரில்லை. புதிதாக வரும் குருமார் தமிழிலேயே பேசிப் பழக வேண்டும் என்று விதித்தார். போர்த்துக்கீசியத்தில் வாய் திறந்தவர்க்குச் சிறு தண்டனையும் உண்டு. தமிழ் கற்பிப்பதற்கென்றே மன்னாரிலோ புன்னைக்காயலிலோ ஒரு கல்லூரி நிறுவவும் அவாவினார்.

தமிழ் அச்சின் வரலாற்றில் அவர் பெயர் நிலைபெற்றது முதுமையிலேதான். தமிழ்மொழி 1554-இலேயே லிஸ்பனில் ஒரு சிறு செபநூலாக அச்சேறியிருந்தது. ஆனால் அது உரோமன் எழுத்தால் ஆனது. தமிழெழுத்துக்கு அச்சு வார்க்கும் வேலை 1577-இல் கோவாவிலும், மறு ஆண்டு கொல்லத்திலும் நடந்தது. பரதவர் பொருளுதவி செய்தனர். 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் தம்பிரான் வணக்கம் என்னும் பதினாறு பக்க நூல் கொல்லத்தில் வெளிவந்தது. இந்திய எழுத்து ஒன்றினால் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் இதுவே. மறு ஆண்டு நவம்பர் 14-இல் கிரிசித்தியானி வணக்கம் கொச்சியில் அச்சாயிற்று. 1580-இல் பாவசங்கீர்த்தன நூல் ஒன்றும், 1586-இல் புனிதர் சரிதங்களைத் திரட்டிய ஃப்ளோஸ் சாங்தோரும் என்னும் பெருநூலும் தொடர்ந்தன. கடவுளைக் குறிக்க அவர் ஆண்ட தம்பிரான் என்னும் சொல் மக்கள் வாயில் முன்னமே பழகியது. மொழியைக் கற்றதோடு அதன் மதிப்பையும் கற்றவர்க்கே இத்தகைய சொல் அகப்படும்.

1600-ஆம் ஆண்டில், எண்பது வயதளவில், அடிகளார் புன்னைக்காயலில் உயிர் நீத்தார். தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார். ஐம்பத்துமூன்று ஆண்டுகள் அக்கரையை விட்டு அவர் தம் நாடு திரும்பியதில்லை.

அவருடைய அச்சு நூல்கள் அரியவாயினும் பிழைத்தன. இலக்கணமோ அச்சேறாமலே கையெழுத்துப் படியாய் லிஸ்பன் தேசிய நூலகத்தில் ஒடுங்கிற்று. சீகன்பால்க் ஐயர் இலத்தீனில் இயற்றிய தமிழிலக்கணம் 1716-இல் ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரில் அச்சாகியது. அண்டிரிக் அடிகளாரின் இலக்கணத்துக்கு அந்த வாய்ப்பு அப்போதும் வரவில்லை. 1950-களில் தனிநாயக அடிகள் லிஸ்பன் சென்று அக்கையெழுத்துப் படியை நேரிற் கண்டு தமிழுலகுக்கு எடுத்துரைத்தார். 1967-இல் இராசமாணிக்க அடிகளார் புனிதர் சரித நூலை மீண்டும் பதிப்பித்தார். இலக்கணத்தை 1982-இல் ஃபெர்மேர் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஹைடல்பர்க் நகரில் முதன்முதல் அச்சிட்டு வெளியிட்டார். எழுதி நானூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. ஜீன் ஹைன் அம்மையாரும் நம் நாட்டு வி. எஸ். ராஜம் அம்மையாரும் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து விளக்கவுரையுடன் ஹார்வர்டு கீழைநாட்டு நூல் வரிசையில் 2013-இல் வெளிப்படுத்தினர். 1578-இல் அச்சான தம்பிரான் வணக்கத்தின் படி ஒன்றும் அதே ஹார்வர்டுப் பல்கலைக்கழக நூலகத்திலேதான் இருக்கிறது.